முன்பல்லில் மண் கடித்துப் பார்த்தவர்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதி, இது அவர் கைக்கே போய்ச் சேர்ந்தாலும், "இந்தப் பேருல எத்தனையோ பேரு இருக்காங்க, இது நான்தான்னு எப்படிங்க சொல்றீங்க?" என்று கேட்பார். அவ்வளவு லேசில் எதையும் நம்புகிற மனிதர் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டுக்கு வந்தார். நான் அப்போது ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஏதோ ஒரு யூனிவர்சிட்டியில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்றார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மழையும் ஓடையும் அடித்துக்கொண்டு வந்து பள்ளத்தில் படிய வைக்கிற மணல், வண்டல், களி இதுகளைத் தோண்டி, எந்த அடுக்கு எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று கண்டுபிடிக்கிற டாக்டர். மண்ணுக்கு நாடி பிடிக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் படிப்பையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. இரண்டாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தேன். இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போ என்றார்கள். நான்தான் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எழுத்துக்கூட்டப் பழகியதெல்லாம் பஸ் போர்டைப் பார்த்து. அதனால் ஊர்ப்பேர் மட்டும் பிழையில்லாமல் வரும்.

பஸ் ஸ்டாண்டில் என் வண்டி முன்னால் வந்து நின்றார். ஒல்லி ஆள். தோளில் கான்வாஸ் பை, கையில் கொத்தனார் கரண்டி.

"மஞ்சக்குட்டை போகுங்களா?"

"போகுமுங்க சார், ஏறுங்க."

"போகும்னு எப்படிச் சொல்றீங்க?"

"தெனமும் போற வண்டிங்க."

"நேத்து வரைக்கும் போயிருக்குது. இன்னைக்குப் போகும்னு எப்படிங்க தெரியும்?"

பின்னால் உட்கார்ந்திருந்த எஸ்டேட் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதி வழியில், ஒரு கொண்டை ஊசித் திருப்பத்தில், வண்டி இருமிவிட்டு நின்றது. வேறு யாராக இருந்தாலும் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்திருப்பார்கள். அவர் இறங்கினார். சாலையோரம் வெட்டிவிட்ட மண் சுவரில் ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்தார். இரண்டு முன்பல்லுக்கும் நடுவில் வைத்து, எலி பிஸ்கட் கொறிக்கிற மாதிரி மெதுவாகக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஓரமாகத் துப்பினார்.

 வண்டியிலிருந்து ஒரு அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க டிரைவரே, உங்க சாருக்கு எத்தனாவது மாசமுங்க?"

அது அவர் காதில் விழுந்துவிட்டது. கோபமே இல்லாமல், ஸ்கூலில் கேள்விக்குப் பதில் சொல்கிற பையன் மாதிரி சொன்னார்: "மாசமெல்லாம் இல்லீங்க. களியா வண்டலான்னு பாத்தேன். களிதானுங்க."

அது அவர்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதானாம். மணல் என்றால் பல்லில் நறநறக்கும், வண்டல் என்றால் லேசாக உறுத்தும், சுத்தமான களி என்றால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். "கண்ணு ஏமாத்திப்போடுமுங்க. வெரலும் ஏமாத்தும். பல்லு மட்டும் ஏமாத்தாது" என்பார். நானும் ஒருநாள் அவர் பார்க்காத நேரத்தில் கடித்துப் பார்த்தேன். எல்லாமே மண்ணாகத்தான் இருந்தது. என் பல்லும் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு என் வண்டியைத்தான் கூப்பிடுவார். என்மேல் நம்பிக்கை என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பிறகுதான் தெரிந்தது. "உங்க வண்டி எங்க நிக்கும்னு எனக்குத் தெரியுமுங்க. மத்த வண்டி தெரியாது" என்றார்.

அவருக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம். ஒரே கேள்வியை மூன்று நாளில் மூன்று விதமாகக் கேட்பார். "இந்தப் பள்ளத்துல எப்ப தண்ணி நின்னுதுங்க?" என்று திங்கட்கிழமை. "இங்க தண்ணியே நிக்காதாமே?" என்று புதன்கிழமை. "போன மழைக்கு மாடு எங்க தண்ணி குடிச்சுதுங்க?" என்று வெள்ளிக்கிழமை. மூன்றுக்கும் நான் வேறு வேறு பதில் சொல்லியிருப்பேன். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, பேச்சு வாக்கில் வருவதுதான். மூன்றையும் என்னிடமே ஒப்பித்துவிட்டு, "இதுல எதுங்க?" என்று நிற்பார். போலீஸ் ஸ்டேஷனில்கூட என்னை அப்படி மடக்கியதில்லை. (ஸ்டேஷனுக்கு எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். ஆடு தானாகத்தான் ஜீப்பில் ஏறியது.)

அவர் எங்களைச் சந்தேகப்பட்டார் என்றால், மலையே அவரைச் சந்தேகப்பட்டது. டீக்கடையில் மூன்று கட்சி. போலீஸ் ஆள் என்று ஒரு கட்சி. பாக்சைட் கம்பெனிக்கு நிலம் பார்க்க வந்தவர் என்று ஒரு கட்சி. அதுதான் பெரிய கட்சி. மலை உச்சியில் அந்த அலுமினியக் கல்லை வெட்டி லாரி லாரியாக இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. யார் கரண்டியோடு வந்தாலும் நிலம் போய்விடும் என்று ஜனங்களுக்குப் பயம். மூன்றாவது புதையல் கட்சி. அதற்கு நான்தான் தலைவர், நான்தான் தொண்டர்.

மஞ்சக்குட்டையில் ஒரு பெரியவர், மலைக்காரர், பலாவும் சாமையும் வைத்திருந்தவர், தன் காட்டு ஓரத்தில் அவர் குழி தோண்டுவதைப் பார்த்துவிட்டுக் கொடுவாளோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, எங்க பூமிய எழுதியெடுக்க வந்தீங்களா?"

"இல்லீங்க. நான் கம்பெனி ஆளு இல்லீங்க" என்றார் இவர். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா அதை நீங்க நம்பக் கூடாதுங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

"நம்பக் கூடாதா?"

"கம்பெனிக்காரனும் அப்படித்தானுங்களே சொல்லுவான்? நீங்க பக்கத்துலயே உக்காந்து பாருங்க. நான் எடுக்கற மண்ணுல சரிபாதி உங்களுக்கு. நாளைக்கு நான் எங்காச்சும் பொய் எழுதுனா, உங்க பங்க எடுத்துட்டு வந்து காட்டுங்க."

பெரியவர் கொடுவாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்தார். பாதி மண்ணையும் வாங்கிக்கொண்டார். பிறகு நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் வீட்டுக்காரம்மா என்னைப் பிடித்துக்கொள்ளும். "ஊடு பூராவும் பொட்டலம் பொட்டலமா மண்ணுங்க. வெளிய கொட்டுனா ஆதாரம் போயிரும்னு இந்த மனுசன் கத்தறாருங்க. ராகி வெக்கற பானையில மண்ணு வெச்சிருக்காருங்க!" சந்தேகம் தொற்றுவியாதி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் குடியிருந்தது ஏரிக்கு மேலே ஒரு ஒற்றை அறை. உள்ளே கட்டிலைவிடக் கண்ணாடி ஜாடிதான் அதிகம். உயரம் உயரமான ஜாடிகளில் மண்ணைக் கரைத்து ஊற்றி, எது முதலில் அடியில் இறங்குகிறது, எது கடைசியில் இறங்குகிறது என்று பார்ப்பார். மணல் உடனே இறங்கிவிடும். களி மறுநாள் வரைக்கும் மிதக்கும். அதுவரை அறையில் யாரும் அழுத்தி நடக்கக் கூடாது. அறையை வாடகைக்கு விட்ட அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, சாராயம் ஊறல் போட்டிருக்கிறான் என்று போலீஸைக் கூட்டிவந்துவிட்டார். கான்ஸ்டபிள் ஒரு ஜாடியில் மூக்கை விட்டு மோந்து பார்த்தார். அடுத்ததையும் மோந்தார். ஒவ்வொன்றாக மோந்து கடைசி ஜாடிக்குப் போகும்போது முகத்தில் ஏமாற்றம் தாங்கவில்லை.

"எல்லாம் சேறுதானாய்யா?"

"மூக்கை மட்டும் நம்பாதீங்க சார்" என்றார் இவர், உதவி செய்கிற தோரணையில். "வேணும்னா குடிச்சுப் பாருங்க."

கான்ஸ்டபிள் போகும்போது என்னைத்தான் முறைத்தார். நான் என்ன செய்தேன்?

ஒருதடவை தந்தி வந்தது. அம்மாவுக்கு உடம்பு மோசம், உடனே வா. அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன மாசம்தானுங்க லெட்டர் போட்டாங்க. நல்லா இருக்கேன்னு. பொண்ணு பாக்கக் கூப்படறாங்க" என்றார். ஆனாலும் சேலம் பஸ் வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னார். திரும்பி வந்ததும் கேட்டேன். பெண் பார்க்கத்தானாம். அம்மா வாசலில் நின்று சிரித்தார்களாம்.

"சார், நீங்க கெட்டிக்காரருங்க. சரியாச் சொல்லிப்போட்டீங்க."

"சரிதானுங்க" என்றார். "ஆனா இங்கிருந்து நாமக்கல் வரைக்கும் அழுதுட்டேதானுங்க போனேன்."

அந்த ஆளை எந்தப் பக்கம் எடுத்து வைப்பது என்று எனக்கு அப்போதே விளங்கவில்லை.

கோலிக்குண்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவர் தோண்டிய ஒரு குழியில், டீ குடிக்கப் போன நேரம், சோடா பாட்டில் கோலியை அழுத்தி வைத்துவிட்டேன். பெரிய சிரிப்பு வரும் என்று மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். வந்தார். பார்த்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். பல்லில் தட்டிப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்துச் சொன்னார்: "டிரைவரே, இது மண்ணோட வந்தது இல்லீங்க. சுத்தியும் மண்ணு கலைஞ்சிருக்குது. வெரல் தடம் இருக்குது. கட்டை வெரலுங்க."

திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து குழிப் பக்கம் நான் போவதென்றால் முதலில் இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். "கையக் காட்டுங்க" என்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் முன்னால் நிற்கிற மாதிரி நிற்பேன். மலை முழுக்க இந்தக் கதை பரவி, டீக்கடையில்கூட வடை எடுக்கும் முன்னால் என்னிடம், "கையக் காட்டு கண்ணு" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது கைடைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊரில் கைடு என்றால் சுற்றுலா வந்தவர்களுக்குப் பகோடா பாயின்ட் காட்டுகிறவன். அவர்கள் ஊரில் கைடு என்றால் பெரிய பேராசிரியர், ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போடுகிறவர். அந்தக் கையெழுத்து விழுந்தால் இவர் டாக்டர். விழாவிட்டால் இத்தனை வருடமும் சும்மா குழி வெட்டின கணக்குத்தான்.

தலைச்சோலைக்குக் கீழே, ஒரு பழைய எஸ்டேட்டை ஒட்டின பள்ளத்தில் இவர் தோண்டின குழியில் ஒரு விசேஷம் அகப்பட்டது. மேலே கறுப்புச் சேறு, கீழேயும் கறுப்புச் சேறு, நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளை மணல். உள்ளங்கையில் கொட்டி எனக்குக் காட்டினார். (கையைக் காட்டிய பிறகுதான்.)

"இந்த மலையில ஒடையற கல்லு, கற்கண்டு ஒடச்ச மாதிரி கூரு கூரா இருக்கும். இது பாருங்க, ஜவ்வரிசி மாதிரி உருண்டை. ஆறு நொம்ப தூரம் உருட்டிட்டு வந்தாத்தான் இப்படி ஆகுமுங்க."

"இங்க ஏதுங்க ஆறு?"

"அதானுங்க கேள்வி."

பேராசிரியருக்குக் கேள்வி எல்லாம் இல்லை. மப்ளர் சுற்றிக்கொண்டு காரில் வந்தார், மணலை லென்ஸில் பார்த்தார், இவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மலை இந்த உயரத்துக்கு வரும் முன்னால் இங்கே ஒரு பெரிய ஆறு ஓடியிருக்கிறது, இதுதான் அதன் மிச்சம் என்றார். டெல்லியில் ஒரு பெரிய கூட்டத்தில் அதைப் படித்தும் விட்டார். ஒரே கைதட்டலாம். அந்த ஆற்றை வைத்தே தீசிஸை முடி, வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். பேராசிரியர் சிரித்த ஒரே நாள் அதுதான் என்று இவரே சொன்னார். கோலிக்குண்டு கதையைக்கூட அன்றைக்கு அவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வேறு ஆளாக இருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பான். இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"ஆறுன்னா பள்ளம் பூராவும் மணல் இருக்கோணுமில்லீங்க? இந்த ஒரு பக்கத்துல மட்டும் எதுக்குங்க இருக்குது?"

"எதுக்குங்க சார் நோண்டறீங்க? கைதட்டிட்டாங்க இல்ல?"

"அதுதானுங்க பயமா இருக்குது."

மறுபடியும் அதே குழிக்குப் போனோம். நான் கையைக் காட்டிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அவர் மணல் அடுக்கை மட்டும் பொடிப் பொடியாகக் கிளறி, தட்டில் போட்டு, தண்ணீர் ஊற்றி அலசிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. நான் வாயைப் பிளந்து தூங்கியிருக்கிறேன்.

"டிரைவரே."

குரல் சரியில்லை. எழுந்து போனேன். கையைக்கூடக் காட்டச் சொல்லவில்லை. தட்டின் நடுவில் நகம் அளவுக்கு ஒன்று கிடந்தது. மெல்லிசு, படகு மாதிரி வளைவு. நாள்பட்டுக் கறுத்துப்போயிருந்தாலும் எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மலையில் யாருக்கும் தெரியும். காப்பிக் கொட்டைமேல் இருக்கிற தோடு.

அவருக்கும் தெரிந்திருந்தது. காப்பி இந்த மலைக்கு வந்ததே வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில். அந்த மணலுக்குள்ளே காப்பித் தோடு இருந்தால், மணல் அதற்கு முந்தி வந்திருக்க முடியாது. காப்பி நாற்று விட எஸ்டேட்காரர்கள் கீழேயிருந்து ஆற்று மணலை லாரியில் கொண்டுவந்து கொட்டிப் பாத்தி போடுவார்கள். விதையை அந்த மணலில்தான் பதிப்பார்கள். முளைக்கும்போது தோட்டைத் தலையில் தொப்பி மாதிரி தூக்கிக்கொண்டு வந்து கழற்றிப் போடும். பாத்தி கைவிட்டுப் போனால், ஒரு நல்ல மழை போதும், மணல் அப்படியே பள்ளத்துக்கு வந்துவிடும். டெல்லியில் ஓடின ஆறு, லாரியில் ஏறி வந்த ஆறு.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை.

"நீங்கதானுங்க போட்டீங்க?"

"சார்! சத்தியமா இல்லீங்க. தூங்கிட்டு இருந்தேனுங்க."

"கோலி போட்டீங்களே."

"அது கோலிங்க. அது வெளையாட்டு."

"இதுவும் வெளையாட்டுதானுங்களே? போட்டேன்னு சொல்லுங்க டிரைவரே. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் விசாரிக்கவில்லை, உதவி கேட்கிறார். நான் போட்டேன் என்றால் ஆறு ஆறாகவே இருக்கும், கையெழுத்து விழும், அவர் டாக்டர். நான் போடவில்லை என்றால் எல்லாம் போச்சு. இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு இத்தனை பெரிய பதவி கிடைத்தது அன்றைக்குத்தான்.

"ஆமாங்க சார்" என்றேன். "நான்தான் போட்டேன். ஒரு வெளையாட்டுக்கு."

 "சரிங்க" என்றார். தட்டைக் கழுவினார். திரும்புகிற வழி முழுக்க ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் என் வண்டியில் உட்கார்ந்திருந்தது எனக்குப் பேய் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"மேல போலாமுங்க."

அந்தப் பள்ளத்துக்கு மேலே, சரிவில் இன்னொரு குழி போட்டார். என்னை ஜீப்பை விட்டு இறங்கவே விடவில்லை. மதியத்துக்குள் அங்கேயும் அதே வெள்ளை மணல், அதற்குள்ளே தோடு. ஒன்று இல்லை, ஏழு. இன்னும் மேலே, உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்தார். சட்டை கிழிந்து வெளியே வந்து, கையால் கூப்பிட்டார். உள்ளே கல் அணைத்த பழைய நாற்றுப் பாத்திகள், வரிசையாக, பாதி சரிந்து கிடந்தன. ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை.

"இங்கயும் நீங்கதானுங்களா போட்டீங்க?" என்றார்.

நான் குனிந்து அவர் சட்டையில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கினேன். 

அவரே கூப்பிட்டுத்தான் பேராசிரியர் வந்தார். காரை விட்டு இறங்கும்போதே முகம் கறுத்திருந்தது. இவர் தோடுகளைக் காகிதத்தில் வைத்து நீட்டினார்.

"இதை வச்சுக்கிட்டு என்ன சொல்ல வர்றே?"

"ஆறு இல்லீங்க சார். நர்சரி."

"டெல்லியில நான் வாசிச்சாச்சு. தெரியுமில்ல?"

"தெரியுங்க சார்."

பேராசிரியர் சுற்றும்முற்றும் பார்த்தார். கண் என்மேல் வந்து நின்றது.

"கோலி போட்ட டிரைவர் இவன்தானே?" என்று கேட்டுவிட்டு, என்னிடம் திரும்பினார். குரல் திடீரென்று கனிந்துவிட்டது. "ஏம்ப்பா, பயப்படாம சொல்லு. இதையும் நீதான் போட்டியா?"

நான் எங்கள் சாரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வராது.

"ஆமாங்கய்யா. நான்தானுங்க."

"பாத்தியா? அவனே ஒத்துக்கறான்."

"ஒத்துக்கறதுதாங்க சார் சந்தேகமா இருக்குது" என்றார் இவர். என் பக்கம் திரும்பினார். "டிரைவரே, ரெண்டாவது குழியில எத்தனை போட்டீங்க?"

"ஒன்னுங்க... இல்லீங்க, ரெண்டுங்க."

"ஏழு இருந்துச்சு. எவ்வளவு ஆழத்துல?"

"ஒரு... முழங்கால் அளவுக்குங்க."

"இடுப்பளவு. மேல இருந்த சேறு கலையாம எப்படி உள்ள வெச்சீங்க?"

 செய்த தப்பை மறைக்கத் தெரியாமல் மாட்டியவர்கள் நிறைய உண்டு. செய்யாத தப்பை நிரூபிக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டவன் மலையிலேயே நான் ஒருவன்தான்.

"அவரு எனக்காகப் பொய் சொல்றாருங்க சார்" என்றார் இவர். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தடுமாறியது. பிறகு மண்வெட்டியை எடுத்துப் பேராசிரியரிடம் நீட்டினார். "என்னையும் நம்ப வேண்டாமுங்க சார். நீங்களே இந்தச் சரிவுல எங்க வேணுமோ அங்க ஒரு எடம் சொல்லுங்க. நீங்களே தோண்டுங்க. தோடு இல்லைன்னா நான் ஆறுன்னே எழுதிக் குடுத்துடறேன்."

பேராசிரியர் மண்வெட்டியைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். நல்ல தரை, ஈரமான தரை, இரண்டு வெட்டில் இறங்கிவிடும். மப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கார் கதவு சாத்துகிற சத்தம் பள்ளத்தில் இரண்டு முறை கேட்டது.

இவர் மண்வெட்டியை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மண்ணை இழுத்துக் குழிக்குள் தள்ள ஆரம்பித்தார். "மூடிப்போடோணுமுங்க. மாடு கீடு விழுந்துரும்." நானும் போய்க் காலால் தள்ளினேன். கையைக் காட்டச் சொல்லவில்லை.

கையெழுத்து விழவில்லை. கொஞ்ச மாதம் அலைந்தார். கடைசியில் வேறு ஸ்டேட்டில் ஒரு யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது என்றார். வேறு கைடு, வேறு பள்ளம், முதல் வருடத்திலிருந்து. அங்கே போய் டாக்டர் ஆனாரா என்று எனக்குத் தெரியாது. யாராவது ஆனார் என்று சொன்னாலும், எப்படித் தெரியும் என்று கேட்பேன்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜாடிகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைத்துக் கூரைமேல் ஏற்றினோம். அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். இனிமேல் கேட்க நேரம் இல்லை என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க சார், அன்னைக்குப் பள்ளத்துல, நான்தான் போட்டேன்னு சொன்னனே. ஒரு நிமிசமாச்சும் நம்புனீங்களா?"

  கண்டக்டர் விசில் அடித்தான். வண்டி நகர்ந்தது. நான் கூடவே இரண்டு எட்டு ஓடினேன். அவர் தலையை வெளியே நீட்டினார்.

"ராத்திரி பூராவும் நம்பிப் பாத்தேனுங்க டிரைவரே. வெடியற வரைக்கும் பாத்தேன். முடியலீங்க."